சிறிய பூப்பாத்திக்கு எளிய வண்ணச் செடிகள்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பூப்பாத்தி அமைக்க விரும்பும் புதியவர்கள் பெரும்பாலும் செடி விற்கும் நர்சரியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பூத்து நிற்பவற்றில் பிடித்தவற்றை வகைக்கு ஒன்றாக வாங்கி வந்து, இடம் கண்ட இடத்தில் நட்டுவிட்டு, இரண்டு மாதம் கழித்துப் பாதிச் செடிகள் ஏன் வாடின, மீதிச் செடிகள் ஏன் ஒன்றையொன்று மறைத்து நிற்கின்றன என்று யோசிக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றினால் வேலை பெரிதும் எளிதாகிவிடும். முதலில் இடத்தைப் பார்க்க வேண்டும். அந்த இடத்துக்கு ஒத்துவரும் செடிகள் எவை என்று அறிய வேண்டும். அவற்றிலிருந்து மூன்று அல்லது நான்கு வகைகளை மட்டும் தேர்ந்து, ஒவ்வொரு வகையிலும் பல செடிகளை நட வேண்டும். நர்சரிக்குப் போவது இவையெல்லாம் முடிந்த பிறகுதான்.

வெயிலை அளந்து பாருங்கள்

பூச்செடிகளுக்கு வெயிலைவிட முக்கியமானது எதுவும் இல்லை. மண் சரியில்லை என்றால் உரமிட்டுத் திருத்தலாம், நீர் போதவில்லை என்றால் ஊற்றலாம். ஆனால் சுவரும் மரமும் மறைக்கும் வெயிலை நாம் கொண்டுவர முடியாது. ஆகவே பாத்தி அமைக்க நினைக்கும் இடத்தை ஒரு விடுமுறை நாளில் காலையிலிருந்து மாலை வரை மணிக்கு ஒரு முறை பார்த்து, வெயில் நேராக விழுகிறதா, மரத்தின் ஊடாகப் புள்ளிகளாக விழுகிறதா, முழு நிழலா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நேர் வெயில் 6 மணி நேரமோ அதற்கு மேலோ கிடைத்தால் அது வெயில் பாத்தி. 3 முதல் 6 மணி நேரம் என்றால் அரைநிழல். அதற்கும் குறைவு என்றால் நிழல் பாத்தி என்றே கொள்ள வேண்டும்.

இதில் இரண்டு விவரங்களைக் கவனிப்பது நல்லது. காலை வெயிலும் பிற்பகல் வெயிலும் கணக்கில் ஒன்றாகத் தெரிந்தாலும் செடிக்கு ஒன்றல்ல. பிற்பகல் வெயிலில் காற்றும் மண்ணும் ஏற்கெனவே சூடேறியிருப்பதால், அரைநிழல் விரும்பும் செடிகள் காலை வெயிலைத் தாங்கிக்கொண்டு பிற்பகல் வெயிலில் கருகுவதுண்டு. இன்னொன்று, சூரியனின் பாதை ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒரு பருவத்தில் முழு வெயில் பட்ட இடத்தில் அடுத்த பருவத்தில் பக்கத்துச் சுவரின் நிழல் நீண்டு விழலாம். அதனால் நீங்கள் நடப்போகும் பருவத்திலேயே பார்ப்பதுதான் பொருந்தும்.

நீர் தேங்குகிறதா என்று சோதியுங்கள்

பாத்தி அமையவிருக்கும் இடத்தில் சுமார் 30 செ.மீ. ஆழமும் அதே அகலமும் உள்ள ஒரு குழி தோண்டி, அதில் நீரை நிரப்பி முழுவதும் வடிய விடுங்கள். பிறகு மறுபடியும் நிரப்பி, நீர்மட்டம் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலை வைத்துப் பாருங்கள். 2 முதல் 5 செ.மீ. வரை இறங்கினால் பெரும்பாலான பூச்செடிகளுக்கு அது பொருத்தமான மண். 2 செ.மீ. கூட இறங்கவில்லை என்றால் களி மிகுந்த மண், அல்லது அடியில் இறுகிய படலம் இருக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் மண்ணைக் கிளறிக் காலத்தை வீணாக்குவதைவிட, தரைமட்டத்துக்கு மேலே 20 முதல் 30 செ.மீ. உயரத்துக்கு மேட்டுப்பாத்தி எழுப்புவதே எளிய வழி. நீர் மளமளவென்று இறங்கிவிட்டால் மணற்பாங்கான மண். அதற்கு மட்கிய உரம் கூடுதலாகத் தேவைப்படும், நீரும் அடிக்கடி ஊற்ற வேண்டியிருக்கும்.

பாத்தியின் அகலத்தையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அணுகக்கூடிய சுவரோரப் பாத்தி 60 முதல் 75 செ.மீ. அகலத்துக்கு மேல் போகக் கூடாது. இரு பக்கமும் நடக்க வழி இருந்தால் 1.2 மீட்டர் வரை போகலாம். பாத்திக்குள் கால் வைக்காமலே களையெடுக்கவும் வாடிய பூக்களைக் கிள்ளவும் முடிய வேண்டும் என்பதே இதன் கணக்கு. மிதித்த மண் இறுகும், இறுகிய மண்ணில் வேர் மூச்சுவிடத் திணறும்.

எளிய செடி என்றால் எது?

புதியவர்களுக்கு ஏற்ற செடிக்குச் சில தகுதிகள் இருக்க வேண்டும். விதையிலிருந்தோ தண்டுத் துண்டிலிருந்தோ சிரமமின்றி வளர வேண்டும். ஒருநாள் நீர் ஊற்ற மறந்தால் செத்துவிடக் கூடாது. நட்ட இரண்டு மூன்று மாதங்களுக்குள் வண்ணம் காட்ட வேண்டும். ஒரு வாரம் மட்டும் பூத்து ஓயாமல் தொடர்ந்து பூக்க வேண்டும். சிறிய பாத்தியை விழுங்கிவிடாத அளவில் நிற்க வேண்டும். இந்தக் கடைசித் தகுதியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். செம்பருத்தி எளிதாக வளரும், வண்ணமும் அள்ளித் தரும். ஆனால் ஆள் உயரத்தைத் தாண்டக்கூடிய புதர் அது. சிறிய பாத்தியில் அதை நட்டால், பூவைப் பார்ப்பதைவிட அதை வெட்டி அடக்குவதே வேலையாகிவிடும்.

இந்தத் தகுதிகளை வைத்துப் பார்க்கும்போது, ஒரே பருவத்தில் முளைத்துப் பூத்து விதைத்து முடியும் பருவச் செடிகளே முதல் பாத்திக்குச் சிறந்தவை என்பது என் கருத்து. பல ஆண்டு வாழும் செடிகள் சிக்கனமானவை என்று சொல்வார்கள்; அது உண்மைதான். ஆனால் தவறான இடத்தில் வைத்த பருவச் செடியின் பிழை சில மாதங்களில் தானாகத் தீர்ந்துவிடும், தவறான இடத்தில் வைத்த புதரோ ஆண்டுக்கணக்கில் நிற்கும். இடத்தின் இயல்பை இன்னும் அறியாதவருக்கு அந்தச் சுதந்திரம் பெரிது.

வெயில் பாத்திக்கு உரியவை

வெயில் பாத்தி கிடைத்தவர்களுக்குத் தெரிவுகள் தாராளம். டேபிள் ரோஸ் என்றும் அழைக்கப்படும் பத்துமணிப் பூவை முதலில் சொல்ல வேண்டும். சதைப்பற்றான இலைகளில் நீரைச் சேமித்துக்கொள்வதால் வறட்சியைத் தாங்கும். 10 முதல் 15 செ.மீ. உயரத்தில் தரையோடு படர்வதால் பாத்தியின் முன் விளிம்புக்கு இதைவிடப் பொருத்தமான செடி அரிது. ஒரு துண்டைக் கிள்ளி ஈர மண்ணில் செருகினாலே வேர்பிடிக்கும். இதன் பூக்கள் வெயில் பட்டால்தான் விரியும் என்பதையும், பல ரகங்களில் பிற்பகலிலேயே மூடிக்கொள்ளும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் மட்டுமே வீட்டில் இருப்பவர்களுக்கு இது ஏமாற்றம் தரலாம்.

அந்தக் குறையைத் தீர்ப்பது நித்தியகல்யாணி. மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட இந்தச் செடி, வெப்பத்தையும் ஏழை மண்ணையும் பொறுத்துக்கொண்டு வெள்ளை, இளஞ்சிவப்பு, அடர் சிவப்பு எனப் பல நிறங்களில் ஓயாமல் பூக்கும். பூக்கள் தாமாகவே உதிர்ந்துவிடுவதால் கிள்ளும் வேலையும் இல்லை. இதைக் கொல்வது அன்புதான்: மண் காயும் முன்பே மீண்டும் மீண்டும் நீர் ஊற்றினால் வேரும் தண்டின் அடிப்பகுதியும் அழுகிவிடும். புற்றுநோய் மருந்துகளான வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் ஆகியவை இச்செடியிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டன. அத்தகைய வலிய வேதிப்பொருள்கள் இருப்பதால் செடி முழுவதுமே நச்சுத்தன்மை கொண்டது. எதையும் வாயில் வைக்கும் சிறு குழந்தைகளோ இலையைக் கடிக்கும் நாய்க்குட்டியோ வீட்டில் இருந்தால் வேறு செடியைத் தேர்ந்துகொள்ளுங்கள். அரளி, உண்ணிச்செடி ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். உண்ணிச்செடிக்கு இன்னொரு பழியும் உண்டு: பறவைகள் அதன் பழங்களைத் தின்று விதைகளைப் பரப்புவதால் பல நாடுகளில் காடுகளை ஆக்கிரமித்துள்ள களைச்செடி அது. எவ்வளவு எளிதாக வளர்ந்தாலும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மஞ்சள், ஆரஞ்சு நிறங்களுக்குச் செண்டுமல்லியை மிஞ்ச ஆளில்லை. அதில் 20 முதல் 30 செ.மீ. உயரமே வளரும் குட்டை ரகங்களும், ஒரு மீட்டரை எட்டும் நெட்டை ரகங்களும் உள்ளன. விதை உறையில் உயரம் எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள், இல்லையேல் முன்வரிசைக்கு வாங்கியது பின்வரிசையை மறைத்துவிடும். குட்டை ரகங்கள் விதைத்த சுமார் 50 முதல் 60 நாள்களில் பூக்கத் தொடங்கும்.

ஜீனியா நீலம் தவிர ஏறக்குறைய எல்லா நிறங்களிலும் கிடைக்கிறது, வண்ணத்துப்பூச்சிகளையும் வரவழைக்கிறது. 4 முதல் 7 நாள்களில் முளைத்துவிடும் என்பதால் பொறுமை குறைந்தவர்களுக்கும் குழந்தைகளோடு சேர்ந்து விதைப்பவர்களுக்கும் ஏற்றது. காற்றோட்டம் இல்லாத இடத்தில் சாம்பல் நோயும், ஈரமான இலைகளில் இலைப்புள்ளியும் எளிதில் தொற்றும் என்பதே அதன் பலவீனம். செடிகளுக்கு இடையே காற்று புகும் அளவுக்கு 25 முதல் 30 செ.மீ. இடைவெளி விட்டு, நீரை இலையில் தெளிக்காமல் அடியில் ஊற்றினால் பெரும்பகுதி தவிர்த்துவிடலாம்.

நீண்ட நாள் நிற்கும் நிறம் வேண்டும் என்பவர்கள் வாடாமல்லியையும் கோழிக்கொண்டையையும் பாருங்கள். வாடாமல்லியில் நாம் பூ என்று நினைக்கும் ஊதா உருண்டையின் நிறம் பெரும்பாலும் காகிதம் போன்ற பூவடிச் செதில்களுடையது. மென்மையான இதழ் அல்ல என்பதால்தான் அது செடியிலேயே வாரக்கணக்கில் மங்காமல் நிற்கிறது, பறித்து உலர்த்தினாலும் நிறம் போவதில்லை. இரண்டும் வெப்பத்துக்கு அஞ்சாதவை, இரண்டும் நீர் தேங்குவதை வெறுப்பவை. காஸ்மாஸ் செடியும் எளிதுதான்; ஆனால் உரம் அதிகமாகிவிட்டால் பூக்காமல் தழைத்து உயர்ந்து, காற்றில் சாய்ந்துவிடும். காற்று வீசும் இடத்தில் சிறிய பாத்தி வைத்திருப்பவர்கள் அதைத் தவிர்ப்பது நலம்.

அரைநிழலும் நிழலும்

வெயில் குறைந்த இடத்தில் வெயில் செடிகளை நட்டுவிட்டு உரத்தால் ஈடுகட்டலாம் என்று எண்ண வேண்டாம்; அவை ஒளியைத் தேடி நெடுநெடுவென்று மெலிந்து வளருமே தவிரப் பூக்காது. அரைநிழலுக்குக் காசித்தும்பையும், கனகாம்பரமும், டொரினியாவும், பெகோனியாவும் பொருந்தும். காசித்தும்பையின் முற்றிய காய் தொட்டவுடன் வெடித்து விதையைச் சிதறடிக்கும். அடுத்த பருவத்தில் நீங்கள் விதைக்காமலே பாத்தியில் கன்றுகள் தலைகாட்டினால் வியக்க வேண்டாம், வேண்டாதவற்றைப் பிடுங்கிவிட்டால் போதும். தண்டில் நீர் மிகுந்த செடி என்பதால், மண் காய்ந்தால் அது சட்டென்று துவளும்.

நிழல் இன்னும் கூடுதலாக இருந்தால் பூவை விட்டுவிட்டு இலையைத் தேடுங்கள். கோலியஸ் இலைகளில் சிவப்பும் பச்சையும் மஞ்சளும் ஊதாவும் கலந்திருக்கும். பூ என்றால் பூக்கும் வரை காத்திருக்க வேண்டும், பூத்து ஓய்ந்தால் இடைவெளி விழும். இலையின் வண்ணமோ நட்ட நாளிலிருந்தே தொடங்கிவிடுகிறது. கோலியஸ் துண்டு ஒன்றை நீரில் வைத்தாலே வேர்விடும். அதன் நுனியில் வரும் மெலிந்த பூங்கதிர்களைக் கண்டவுடன் கிள்ளிவிட்டால் செடி அடர்ந்து கிளைக்கும். கலேடியமும் நிழலுக்கு அழகு சேர்க்கும். ஆனால் அதன் சாறு வாயையும் தொண்டையையும் எரிக்கக்கூடியது.

இவையனைத்தும் வெப்பம் விரும்பும் செடிகள். உறைபனி விழும் ஊர்களில், கடைசி உறைபனி கடந்த பிறகே இவற்றை வெளியில் நட வேண்டும். குளிர்ந்த மாதங்களுக்குப் பான்சி, நாய்முகப் பூ போன்றவை இருக்கின்றன. அவை வெப்பம் ஏறியதும் சோர்ந்துவிடும். வெப்பச் செடியையும் குளிர்ச் செடியையும் ஒரே பாத்தியில் ஒரே நேரத்தில் கலந்தால் ஏதோ ஒன்று எப்போதும் வருந்திக்கொண்டிருக்கும்.

நிறங்களையும் உயரங்களையும் பொருத்துதல்

சிறிய பாத்தியில் வகைக்கு ஒரு செடி என்று நட்டால் தூரத்திலிருந்து பார்க்கும்போது எந்த நிறமும் தனித்துத் தெரியாது, சந்தைக்கூட்டம் போல எல்லாம் கலந்து இரைச்சலாக இருக்கும். ஒரே வகையை ஐந்து, ஆறு, எட்டு என்று சேர்த்து நட்டால்தான் நிறம் திட்டாகத் தெரியும். நிறங்களும் இரண்டோ மூன்றோ போதும். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் ஆகியவை கண்ணை முன்னே இழுத்து இடத்தை நெருக்கமாகக் காட்டும். நீலமும் ஊதாவும் பின்வாங்கித் தெரிவதால் சிறிய பாத்திக்கு ஆழம் இருப்பது போன்ற தோற்றம் தரும். பகலில் வீட்டில் இல்லாதவர்கள் வெள்ளைக்கு இடம் கொடுங்கள், அந்தி மங்கிய பிறகும் கடைசியாக மறையும் நிறம் அதுவே.

சுவரோரப் பாத்தி என்றால் உயரமானவை பின்னே, குட்டையானவை முன்னே. நான்கு பக்கமிருந்தும் பார்க்கும் பாத்தி என்றால் உயரமானவை நடுவில். செடி முழு வளர்ச்சி அடையும்போது இருக்கப்போகும் உயரத்தையே கணக்கில் கொள்ள வேண்டும், வாங்கும்போது இருக்கும் உயரத்தை அல்ல.

எத்தனை செடிகள் தேவை என்பதைக் காகிதத்திலேயே கணக்கிட்டுவிடலாம். பாத்தியின் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி, செடி இடைவெளியின் வர்க்கத்தால் வகுத்தால் போதும். 2 மீட்டர் நீளமும் 75 செ.மீ. அகலமும் உள்ள பாத்தியின் பரப்பு 15,000 சதுர செ.மீ.; 25 செ.மீ. இடைவெளிக்கு 625-ஆல் வகுத்தால் 24 செடிகள். இதே பாத்திக்கு, வெயில் நன்றாக விழும் இடம் என்று வைத்துக்கொண்டு, ஓர் எளிய அமைப்பைச் சொல்கிறேன். சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளிப் பின்வரிசையில் 30 செ.மீ. இடைவெளியில் 6 ஊதா வாடாமல்லி. அதிலிருந்து 30 செ.மீ. முன்னே 25 செ.மீ. இடைவெளியில் 8 மஞ்சள் நிறக் குட்டைச் செண்டுமல்லி. அதற்கும் 20 செ.மீ. முன்னே, விளிம்பில் 20 செ.மீ. இடைவெளியில் 10 வெள்ளைப் பத்துமணிப் பூ. மொத்தம் 24 செடிகள், மூன்றே வகைகள். ஊதாவும் மஞ்சளும் எதிர்நிறங்கள் என்பதால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். மூன்றுமே மிதமான நீர் போதும் என்பவை என்பதால் ஒன்றுக்காக ஊற்றும் நீர் இன்னொன்றைக் கெடுக்காது. வேறு செடிகளைத் தேர்ந்தாலும் இந்தக் கடைசி நிபந்தனையை விட்டுவிடாதீர்கள்: துவளும் காசித்தும்பையும் அழுகும் நித்தியகல்யாணியும் ஒரே பாத்தியில் ஒத்துப்போகாது.

நட்ட புதிதில் பாத்தி வெறிச்சென்று தெரியும். அதற்காக இடைவெளியைக் குறைத்து நடாதீர்கள். ஒன்றரை மாதத்தில் செடிகள் நெருங்கிவிடும்.

நர்சரியில் பார்க்க வேண்டியவை

பட்டியலோடு போங்கள், பட்டியலில் உள்ளதை மட்டும் வாங்குங்கள். முழுக்கப் பூத்து நிற்கும் செடியைவிட, அரும்பு கட்டி, குட்டையாகக் கிளைத்து நிற்கும் செடி புது மண்ணில் விரைவாக வேர்பிடிக்கும். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, அசுவினி ஆகியவை அங்கேதான் ஒளிந்திருக்கும். பையின் அடித்துளை வழியே வேர்கள் கொத்தாக வெளியேறியிருந்தால் அது நெடுநாள் அதே பையில் நின்ற செடி.

இட்லிப் பூ எனப்படும் வெட்சியின் குட்டை ரகம் ஒன்றை நிலையாக வைக்க விரும்பினால் அதைச் சிமெண்ட் சுவரை ஒட்டி நட வேண்டாம். சற்றே அமிலத்தன்மை உள்ள மண்ணை விரும்பும் அந்தச் செடிக்கு, சுவரிலிருந்து கசியும் சுண்ணாம்பு ஒவ்வாது. இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க மஞ்சளாகிவிடும்.

விதையிலிருந்தே தொடங்குவதாக இருந்தால், பத்துமணிப் பூவின் நுண்ணிய விதைகள் முளைக்க ஒளி தேவை என்பதால் அவற்றை மண்ணால் மூடாமல் மேலே தூவி மெல்ல அழுத்துங்கள். நித்தியகல்யாணிக்கு நேர்மாறாக இருள் வேண்டும், மூடித்தான் விதைக்க வேண்டும். ஜீனியாவையும் செண்டுமல்லியையும் அரை செ.மீ. ஆழத்தில் நேராகப் பாத்தியிலேயே விதைத்துவிடலாம்.

நடுதலும் அதன் பின்னும்

மண்ணை 15 முதல் 20 செ.மீ. ஆழம் வரை கொத்தி, கல்லும் களைவேரும் நீக்கி, மேலே 5 செ.மீ. தடிமனுக்கு மட்கிய தொழுவுரத்தையோ மண்புழு உரத்தையோ பரப்பிக் கலந்துவிடுங்கள். முதல் பருவத்துக்கு இதுவே போதும்; தழைச்சத்து மிகுந்த உரத்தை அள்ளிப் போட்டால் இலை பெருகிப் பூ குறையும். வெயில் தாழ்ந்த மாலையில் நடுங்கள். பையில் இருந்த அதே ஆழத்தில் செடி நிற்க வேண்டும்; தண்டின் மீது மண் ஏறினால் அழுகும். நட்டவுடன் நீர் ஊற்றி, தண்டைத் தொடாமல் 3 முதல் 5 செ.மீ. தடிமனுக்கு உலர்ந்த இலைகளால் மூடாக்கு இடுங்கள்.

முதல் இரண்டு வாரங்கள் வேர்பிடிக்கும் காலம், அப்போது மண் காயவே கூடாது. அதன் பிறகு சதுர மீட்டருக்கு வாரம் சுமார் 25 லிட்டர் என்பது பொதுவான அளவு; மேலே சொன்ன பாத்திக்கு அது ஏறக்குறைய 38 லிட்டர். அதைத் தினமும் சிறிது சிறிதாகத் தெளிப்பதைவிட இரண்டு மூன்று தவணையில் ஆழமாக ஊற்றினால் வேர் கீழே இறங்கும். கடும் வெப்பத்திலும் மணல் மண்ணிலும் இன்னும் கூடும், மழைக்காலத்தில் ஒன்றுமே தேவைப்படாது. விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் செருகிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் பூவாளியைத் தொட வேண்டாம். நண்பகலில் இலை துவண்டிருப்பது மட்டும் நீர் கேட்கும் அடையாளம் ஆகாது, மாலையில் அது தானாக நிமிர்ந்தால் செடி நலமாகவே இருக்கிறது.

செண்டுமல்லியும் ஜீனியாவும் ஒரு சாண் உயரம் வந்ததும் நுனிக் கொழுந்தைக் கிள்ளுங்கள். பூப்பது ஒரு வாரம் தள்ளிப்போகும், ஆனால் ஒரு பூ வர வேண்டிய இடத்தில் பக்கக்கிளைகள் எழுந்து பல பூக்கள் வரும். பிறகு வாடிய பூக்களை அவ்வப்போது காம்போடு கிள்ளி எறியுங்கள். விதை கட்டிவிட்ட செடி தன் வேலை முடிந்தது என்று பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். பருவம் முடியும் தறுவாயில் மட்டும் நன்றாக வளர்ந்த சில செடிகளின் பூக்களைக் கிள்ளாமல் பழுப்பாகும் வரை விட்டு, உலர்ந்த நாளில் பறித்து, நிழலில் காயவைத்து, பெயரும் மாதமும் எழுதிய காகித உறையில் வைத்துக்கொள்ளுங்கள். கலப்பின விதையிலிருந்து வளர்ந்த செடிகள் என்றால் அந்த விதைகள் தாய்ச்செடியைப் போலவே பூக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நிறம் திட்டமிட்டபடி வர வேண்டிய முன்வரிசைக்குப் புது விதை வாங்கிக்கொண்டு, சேமித்தவற்றை ஓரமாக ஒரு தனிப் பாத்தியில் தூவிவிடுங்கள்.